ஃபுல் ஸ்லீவ் டாட்டூ போடப் போகிறீர்களா? முதலில் என் கதையைப் படியுங்கள்

வடசென்னையில் கை முழுக்க டாட்டூ போட நினைக்கிறவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதே மாதிரி எந்தக் கடையில் நடந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

நைனா காசிமேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். இன்னொருவரோடு பங்கில் ஒரு விசைப்படகு வைத்திருந்தார். பெயர் 'சிங்காரவேலன்'. இப்போது மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள். அப்போது 45 நாள்தான். அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, பழைய பெயிண்டைச் சுரண்டி, பெயரை அவர் கையாலேயே நீலத்தில் எழுதுவார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் இறந்தார். இடது கை முழுக்க அவர் வாழ்க்கையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மேல்கையில் படகு, முழங்கையைச் சுற்றி வலை, முன்கையில் வஞ்சிரமும் சங்கராவும். மணிக்கட்டில் ஆயாவின் பச்சை. ஆயாவுக்குப் பன்னிரண்டு வயதில் திருவொற்றியூர் தேரடியில் குத்தியது அது. ஒன்பது புள்ளி, சுற்றி ஒரு கோலம். இன்றைக்கும் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணலாம்.

கடையில் முதல் நாள் பேசிய அண்ணன் நன்றாகத்தான் பேசினார். போனில் அவர் காட்டிய படங்களைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன். அதில் பாதி வெளிநாட்டு ஆர்ட்டிஸ்டுகளின் வேலை என்று பின்னால் தேடியபோது தெரிந்தது. எல்லாமே குத்திய அன்றைக்கே எடுத்த படங்கள், பளபளவென்று இருந்தன. ஆறின கையின் படம் ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்டிருக்க வேண்டும். கோடு எப்படி நிற்கிறது, நம் நிறத்துத் தோலில் சாம்பல் நிழல் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் சில மாதம் போன பிறகுதான் தெரியும்.

ஐந்து செஷன், மொத்தம் 48,000 ரூபாய் என்று பேசினோம். 20,000 அட்வான்ஸ். ஸ்கேன் செய்தபோது கடைப் பெயருக்குப் பதிலாக வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. "நம்ம ஆளுதான் ப்ரோ" என்றார். பில் கிடையாது.

ஸ்லீவ் என்பது ஒரே படம். கையைச் சுற்றி ட்ரேசிங் பேப்பரைப் போர்த்தி, தசை எங்கே திரும்புகிறது, முழங்கை மடங்கினால் என்ன ஆகும் என்று பார்த்து முழுசாக வரைந்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். இவர்கள் படகைத் தனியாக, மீனைத் தனியாக பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்கள். "நடுவுல கேப் இருந்தா ஷேடிங்ல நிரப்பிக்கலாம்" என்றார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது.

முதல் செஷனுக்குப் போனால் அந்த அண்ணன் இல்லை. இருபது வயதிருக்கும் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். "அண்ணன் வெளியூர் போயிருக்காரு ப்ரோ. அவரு வேலைய நான்தான் செய்வேன்" என்றான். என்னை உட்கார வைத்து, கையைத் திருப்பி மேஜைமேல் வைத்து, படத்தின் அச்சைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சிலை ஒட்டினான். நேராக நின்று, கையைத் தொங்கவிட்ட நிலையில் ஒட்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது நான் நின்றால் படகு தலைகீழாக இறங்குவது போலச் சாய்ந்திருக்கிறது. படகின் பெயர் மேல்கையின் பின்பக்கம் வருகிறது, என்னால் பார்க்க முடியாத இடம். "ஒரு போட்டோ எடுத்துக் காட்டு தம்பி" என்றேன். "ஈரமா இருக்கு ப்ரோ, அசைச்சா அழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்தபோது அக்காதான் முதலில் படித்தாள். எதுவும் பேசாமல் போனை எடுத்து, படம் பிடித்து என் கையில் கொடுத்தாள். 'சிங்காறவேலன்'. ர இருக்க வேண்டிய இடத்தில் ற. நைனா வருஷா வருஷம் எழுதிய எழுத்து.

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணன் வந்தார், மன்னிப்புக் கேட்டார். கடைசி செஷனில் நிழல் போட்டு மறைத்துத் தருவதாகச் சொன்னார். 20,000 போய்விடுமே என்ற பயத்தில் ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது செஷன். முழங்கை வலைக்கு லைனிங், படகுக்கு ஷேடிங். மை தோலுக்குள் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உட்கார வேண்டும். அதைத் தாண்டினால் கசிந்து பரவும். முழங்கையின் உள்பக்கம் தோல் மெல்லியது. அங்கே அவன் போட்ட வலைக்கோடுகள் எல்லாம் நனைந்த காகிதத்தில் எழுதியது போல நீலமாக ஊறிப்போய் இருக்கின்றன.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். ஊசி கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் சீல் வைத்த உறையில் வரும். நம் கண் முன்னால் பிரிக்க வேண்டும். அவன் ட்ரேயில் திறந்து கிடந்ததை எடுத்தான். கேட்டதற்கு, "காலையிலயே பிரிச்சு வெச்சிட்டேன்" என்றான். பிறகு நாலு சின்னக் கப்பில் கறுப்பு மையைச் சொட்டுச் சொட்டாக விட்டான். ஒன்றில் நிறைய, அடுத்ததில் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு. மூலையில் இருந்த 20 லிட்டர் கேனில் எவர்சில்வர் டம்ளரை நீட்டித் தண்ணீர் பிடித்து, மீதிக்கு அதை ஊற்றினான். சாம்பல் நிழல் தயார். குடிக்கிற தண்ணீர்தானே என்றுதான் நானும் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் படகைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள். கடைக்குப் படம் அனுப்பினேன். "மீன் சாப்டீங்களா ப்ரோ? அலர்ஜியா இருக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைங்க" என்று வாய்ஸ் வந்தது. பிறந்ததிலிருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஒரு வாரம் மஞ்சள் வைத்தேன். தடிப்பு கூடியது, சிலவற்றில் சீழ் வைத்தது.

தோல் டாக்டர் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினார். தடிப்பு இருந்தது சாம்பல் நிழல் விழுந்த இடத்தில் மட்டும். கறுப்புக் கோடு போன இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. "மையில என்ன கலந்தாங்க?" என்று கேட்டார். கேன் தண்ணீர் என்றேன். தோலில் ஒரு துணுக்கு வெட்டி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட்டில் வந்தது காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமி, சாதாரணத் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து நாள் ஆண்டிபயாடிக்குக்கு அது அடங்காது, மாதக்கணக்கில் மாத்திரை போட வேண்டும். 2011இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு இதே மாதிரி வந்ததாம். அங்கேயும் சாம்பல் மைதான். மையைத் தயாரித்த இடத்தில் கலந்த காய்ச்சி வடித்த தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. வடித்த தண்ணீருக்கே அந்தக் கதி என்றால் கேன் தண்ணீரை என்ன சொல்வது? மையை நீர்க்க வைக்க ஸ்டெரைல் தண்ணீரோ, அதற்கென்றே வரும் கலவையோதான் பயன்படுத்த வேண்டும்.

உறை பிரித்த ஊசியைச் சொன்னதும் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளும் எழுதினார். முதல் தடவை எல்லாம் நெகட்டிவ். சில மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அதுவரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் திக்திக் என்றுதான் இருக்கும். ரத்த தானம் செய்கிறவன் நான். டாட்டூ போட்டால் ஒரு வருஷம் கொடுக்கக் கூடாது, அதுவும் நின்றது.

மருந்துச் சீட்டை அனுப்பி மீதிப் பணத்தைக் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் பணம் போன ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், ஸ்டென்சில் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் பேசியதை எல்லாம் மெசேஜில் எழுதி வாங்குங்கள். யார் குத்தப் போகிறார், எத்தனை செஷன், ஷேடிங்கும் கலரும் அந்த ரேட்டுக்குள் வருமா என்பதைக்கூட. பெயர் எழுதுவதாக இருந்தால் ஸ்டென்சிலைக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், எழுத்து திரும்பித் தெரியும். படம் எடுத்து, வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு ஊசியைத் தொட விடுங்கள்.

அயனாவரத்தில் வேறு ஒரு பெண் ஆர்ட்டிஸ்டிடம் கையைக் காட்டினேன். முழுசாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்னால்தான் தொடுவேன் என்றார். 'ற'வை 'ர'வாக மாற்ற முடியாது, லேசரில் மங்க வைத்துத்தான் மேலே ஏதாவது செய்யலாம், அதற்கும் பல தடவை போக வேண்டும் என்றார். ஆயாவின் ஒன்பது புள்ளிக்கான இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

போன ஆறு மாதத்தில் தண்டையார்பேட்டைப் பக்கம் சாம்பல் ஷேடிங் போட்டவர்கள் யாருக்காவது தடிப்பு வந்திருந்தால், மஞ்சள் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். தோல் டாக்டரிடம் போய், டாட்டூ போட்ட தேதியை முதலில் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.