அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எந்த ஊர்? புதுச்சேரி, கொச்சி, மைசூரு: ஓர் ஒப்பீடு

பிப்ரவரியில் என் அக்காவுக்கு ஐம்பது வயது நிறைந்தது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடப் படிவங்களில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். கல்யாணம், காதுகுத்து, வேண்டுதல் என்று எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறாள். தனக்கென்று ஓர் ஊருக்குப் போனதில்லை. அதனால் இந்த முறை சொல்லாமல் அழைத்துப் போய், இரண்டு நாள் அடுப்பங்கரை பக்கமே போகாமல் அவளை உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இருவருக்கும் சேர்த்து 18,000 ரூபாய் ஒதுக்கினேன். ரகசியத்தில் எனக்குக் கூட்டு அக்காவின் கணவர், எங்கள் மாமா.

சென்னையிலிருந்து இந்தப் பணத்துக்குள் அடங்கும் ஊர்களாக மூன்றை எடுத்துக்கொண்டேன். மூன்றிலும் நான் முன்பே தங்கியிருக்கிறேன். எது அழகான ஊர் என்று யோசித்தால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டேன். பிறந்தநாள் எந்தக் கிழமையில் வருகிறது? போகும் இடம் தெரியாமல் எத்தனை மணி நேரம் மறைக்க முடியும்? அக்காவின் முழங்கால் வலிக்கு அந்த ஊர் ஒத்துவருமா? பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பாதி முடிவை அந்த ஞாயிறே எடுத்துவிட்டது.

முதலில் நினைவுக்கு வந்தது புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், மூன்றரை மணி நேர பஸ் பயணம். இருவர் போய்வர 1,500 ரூபாய் போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட இணக்கமான ஊர் இந்த மூன்றில் இல்லை. ஏற்ற இறக்கம் கிடையாது, தெருக்கள் நூல் பிடித்தது போல் இருக்கின்றன, மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடப்பவர்களின் சாலை. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு நினைவகமாக இருக்கிறது. தமிழாசிரியையான அக்காவுக்கு அந்த ஒரு வீடே போதும்.

ஆனால் சனி, ஞாயிறு என்றால் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து அங்கே வந்து இறங்குகின்றன. பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுனில் வார நடுவில் 3,000 ரூபாய் சொன்ன அறைக்கு, நான் பார்த்த அந்தச் சனிக்கிழமைக்கு 5,500 கேட்டார்கள். இரண்டு இரவுக்கு 11,000 ரூபாய். சாப்பாட்டையும் ஆட்டோவையும் சேர்த்தால் 17,000-ஐ நெருங்குகிறது. மூன்றில் மிகப் பக்கத்தில் இருக்கும் ஊர்தான் மூன்றிலும் அதிகச் செலவு வைக்கிறது என்பதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை நான் உணரவில்லை. பஸ் டிக்கெட் மலிவு என்பதால் பயணமே மலிவு என்று நினைத்துவிடுகிறோம். பணம் போவது அறைக்கு.

இன்னொரு குறையும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கா நான்கு முறை புதுச்சேரி போய் வந்திருக்கிறாள். பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டிய உடனே அவளுக்குத் தெரிந்துவிடும்.

கொச்சி எனக்கு மிகவும் பிடித்த ஊர். அதை விட்டுக்கொடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை எர்ணாகுளம். ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கட்கிழமை காலை வீடு. விடுப்பே எடுக்க வேண்டாம், ஓர் இரவுக்கு மட்டும் அறை எடுத்தால் போதும். மூன்றாம் வகுப்பு ஏ.சி. பெட்டியில் ஒருவருக்கு ஒரு வழிக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டுகிறது. எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிகிறது. தூரத்து ஊர், குறைந்த செலவு.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரவு ரயில் காலை ஏழு மணிக்கு இறக்கிவிடும். விடுதி அறை நண்பகலுக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஐந்து மணி நேரத்தைப் பையும் கையுமாக, குளிக்காமல் கழிக்க வேண்டும். சென்ற முறை ஒரு விடுதியில், முன்கூட்டியே அறை தருவதாகப் போனில் சொல்லிவிட்டு, போய் நின்றதும் அரை நாள் வாடகை கேட்டார்கள். இரவு ரயிலில் போகிறவர்கள் அந்த அரை நாள் வாடகையைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிவிடுவது நல்லது. ஐம்பது வயதுப் பிறந்தநாள்காரியை ரயில் நிலையக் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிழமையும் இடித்தது. 1568-இல் கட்டப்பட்ட யூதர் கோயில் சனிக்கிழமை திறக்காது. எங்களுக்குக் கிடைக்கும் இரண்டு நாளில் ஒன்று அந்தச் சனிக்கிழமை. மீன் வலைகளைப் பார்க்கலாம், படகில் போகலாம். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போகலாம். பிறகுதான் அவர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த ஊரின் பாதி மகிமை மீன் சாப்பாட்டில் இருக்கிறது, அக்கா சைவம்.

கொச்சிக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் மாலைக் கதகளிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார். ஒப்பனைக்காரர் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, அரிசிமாவுக் குழம்பால் தாடையோரத்தில் வெள்ளை விளிம்பைக் கட்டுவார். அதற்குச் சுட்டி என்று பெயர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மனித முகம் மறைந்து இன்னொரு முகம் எழும். கலையில் மனமுள்ளவரின் பிறந்தநாள் புதன், வியாழனில் வந்தால், மழைக்காலமும் இல்லையென்றால், நான் யோசிக்காமல் கொச்சியைச் சொல்வேன்.

மிஞ்சியது மைசூரு. ஏறத்தாழ 500 கிலோமீட்டர். 2022 நவம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத் ரயில் விடிகாலையில் சென்ட்ரலிலிருந்து கிளம்பி நண்பகலை ஒட்டி மைசூரில் சேர்க்கிறது. இறங்கிய நேரமும் அறை கிடைக்கும் நேரமும் ஒன்றாகப் பொருந்துகின்றன; கொச்சியில் இருந்த பள்ளம் இங்கே இல்லை. உட்கார்ந்து போகும் பெட்டிக்கு ஒருவருக்கு 1,300 ரூபாய் அளவில் ஆகிறது. இருவர் போய்வர 5,000 ரூபாய்க்குச் சற்று மேல். பயணச் செலவு மூன்றிலும் இதுதான் அதிகம். ஆனால் அரண்மனையிலிருந்து நடக்கும் தூரத்தில் 2,500 ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது, சனிக்கிழமைக்கும் அதே விலை. சாப்பாடு, ஆட்டோ, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்ந்து மொத்தம் 15,000-க்குள் நின்றது. திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்பதுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டு ஊர்களிலும் எனக்கு எதிராக நின்றது. மைசூரில் என் பக்கம் வந்தது. ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் இரவு ஏழு மணிக்கு அரண்மனை முழுக்க விளக்கேற்றுகிறார்கள், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பல்புகள். வேறு கிழமையில் போனால் இந்த முழு வெளிச்சம் இல்லை. தசரா நாட்களில் தினமும் உண்டு. ஆனால் அப்போது அறை வாடகை எகிறிவிடும், நடக்கவும் இடம் இருக்காது. நடுத்தரச் செலவுக்காரர்கள் தசராவைத் தவிர்ப்பதே நல்லது.

ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லும் பொய்யில் மூன்றாவது மனிதர் இருக்கக் கூடாது. பெங்களூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்றுதான் மாமா முதலில் சொல்லச் சொன்னார். அக்கா உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டுவிடுவாள் என்று நான் மறுத்துவிட்டேன். எனக்குப் பெங்களூரில் அலுவலகப் பயிற்சி, தனியாகத் தங்கப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்று மட்டும் சொன்னேன். யாருக்குத் துணை வேண்டுமென்றாலும் அக்கா விடுப்பு எடுப்பாள். டிக்கெட்டை 60 நாள் முன்பே, என் போன் எண்ணைக் கொடுத்து வாங்கியதால் செய்தி அவளுக்குப் போகவில்லை. அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை, முழங்கால் பட்டை, ஆதார் அட்டை மூன்றையும் மாமா என் பையில் சேர்த்துவிட்டார். ரயிலில் ஒருவரின் அடையாள அட்டை போதும். விடுதியில் இருவருடையதையும் கேட்பார்கள்.

ரயில் பெட்டியின் வெளியே மைசூரு என்று எழுதியிருந்ததை அவள் கவனித்தாள். பெங்களூரு வழியாகப் போகிற ரயில்தானே என்றேன். அதோடு விட்டுவிட்டாள். பெங்களூரு வந்தது. பாதிப் பெட்டி எழுந்தது. அக்கா மேலே இருந்த பையை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“எழுந்திரு, வண்டி கிளம்பிவிடும்.”

“நாம் இறங்கவில்லை அக்கா.”

அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பையைத் தோளிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தாள். “அவருக்குத் தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்டாள். ராமநகரப் பாறைகள் தெரியும் வரை பை அவள் மடியில்தான் இருந்தது.

நான் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. மைசூருக்குச் சற்று முன் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவில் ரயில் காவிரியைக் கடக்கிறது. நாங்கள் பிறந்தது குளித்தலை. அங்கே காவிரி அகண்டு கிடக்கும். எதிர்க்கரை மனிதர் புள்ளியாகத் தெரிவார். இங்கே பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடியது. “நம் காவிரியா இது? இவ்வளவு சின்னப் பெண்ணாக இருக்கிறாளே” என்றாள் அக்கா. இந்த ஒப்பீட்டில் நான் மதிப்பெண் போட்ட எந்தக் கணக்கிலும் அது இல்லை.

ஞாயிறு காலை தேவராஜா மார்க்கெட். குங்குமத்தையும் வண்ணப் பொடிகளையும் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பொடிகூட இன்னொன்றில் கலக்கவில்லை. பக்கத்துக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினோம், அதுதான் கேக். அரண்மனையைப் பகலில் உள்ளே போய்ப் பார்த்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு நீள நடக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் பட்டை இல்லாமல் அக்காவால் முடிந்திருக்காது. பழைய மர அரண்மனை 1897-இல் ஒரு கல்யாணத்தின்போது எரிந்துபோய், 1912-இல் இது கட்டி முடிந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின். எழும்பூரில் இருக்கும் நம் கன்னிமாரா நூலகத்தை வரைந்தவரும் அவரே. அந்த நூலகத்தில் பார்த்த வளைவுகளை அக்கா அங்கே அடையாளம் கண்டு, ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

விளக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆறே முக்காலுக்கு மறுபடி கூட்டிப் போனேன். கட்டடம் சாம்பல் நிறத்தில் இருட்டிக்கொண்டிருந்தது. “மூடிவிட்டார்களே, கால் வலிக்கிறது, போகலாம்” என்று அவள் திரும்பிய நேரத்தில் ஏழு மணி ஆனது. முன்னால் நின்ற ஒரு குழந்தை கத்தியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். விளக்கு அணையும் வரை கால் வலியைப் பற்றி அவள் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை சாமுண்டி மலைக்கு வண்டியில் ஏறி, ஒற்றைக் கல் நந்தியைப் பார்த்துவிட்டு மதிய ரயில் பிடித்தோம். படிக்கட்டு ஆயிரத்துக்கு மேல். முழங்கால் வலி இருப்பவர்கள் அதை நினைக்கவே வேண்டாம். மைசூர்ப் பட்டுக்கு மட்டும் இந்தப் பணத்தில் இடம் கிடையாது. அங்கே போய்விட்டு அந்தக் கடைக்குப் போகாமல் வர முடியாது என்பதால் மாமா அதற்குத் தனியாகக் கொடுத்தனுப்பியிருந்தார்.

மாமாவின் அறுபதாவது பிறந்தநாள் அடுத்து வருகிறது, புதன்கிழமை. வார நடு, பாதி விலை அறை, கூட்டமில்லாத கடற்கரைச் சாலை: அதற்குப் புதுச்சேரிதான். மாமல்லபுரம் தாண்டும் வரை அவரிடம் என்ன சொல்லி வைக்கலாம் என்று அக்கா இப்போதே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.