கொடைக்கானலில் எங்கே சாப்பிடலாம்: மெனு கார்டு கனமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்

கொடைக்கானலில் சாப்பாடு சரியில்லை என்று சொல்கிறவர்களிடம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏரிக்குப் போகிற வழியில் ‘மல்டி குசைன்’ என்று போர்டு வைத்த ஏதோ ஓர் இடத்தைத்தான் சொல்வார்கள். தென்னிந்திய, வட இந்திய, சைனீஸ், தந்தூரி, கடைசிப் பக்கத்தில் பீட்சா என்று எல்லாம் ஒரே அடுப்பங்கரையிலிருந்து வரும். அந்த ஒரு கடையை வைத்து ஊரையே எடைபோடக் கூடாது.

நான் மதுரைக்காரி. லீவு விட்டால் எங்கள் வீட்டுக்குக் கொடைக்கானல்தான். கூட வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விதம். அத்தை சுத்த சைவம், ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். மகன் பிளஸ் டூ படிக்கிறான், கோழி இல்லாததைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். வீட்டுக்காரருக்கு வண்டி நிறுத்த இடம் இருந்தால் அதுதான் நல்ல ஓட்டல். இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கப் போராடியதில், இந்த ஊர்க் கடைகளைப் பற்றி எனக்கென்று ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது.

கொடைக்கானலுக்கென்று பழைய சமையல் மரபு எதுவும் கிடையாது. ஊரே புதுசு. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே வந்து இரண்டு பங்களா கட்டியதில் ஆரம்பித்த ஊர் இது. ஏரியும் தானாக வந்ததில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கியது. அப்புறம் 1901-இல் பாதிரிமார் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வந்தது. அதற்கும் வெகு காலம் கழித்துத் திபெத்தியர்கள் வந்தார்கள், வட்டக்கானலுக்கு இஸ்ரேல் பயணிகள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் ஒரு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த அடுப்புகளில் ஒன்றை மட்டும் ஒழுங்காக எரிய விடுகிற கடைக்குப் போனால் நன்றாகச் சாப்பிடலாம். கீழே கிடைப்பதையெல்லாம் மேலேயும் தருகிறேன் என்கிற கடையில்தான் மாட்டிக்கொள்வோம்.

அப்படி ஒரு கடையில் அத்தை சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பருப்பு முழுசு முழுசா நிக்குதே, இதுக்கா இந்த வெலை?” என்றார்கள். பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகை வைத்து எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. கீழே இருபது நிமிடத்தில் குழைகிற பருப்பு இங்கே குழையாது. அரிசியும் நடுவில் விறைத்து நிற்கும். குக்கரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பொறுமையாக நேரம் கொடுக்க வேண்டும். சீசன் கூட்டத்தில் அவசர அவசரமாக அண்டாவில் கொதிக்க வைத்து இறக்குகிற கடையில் இதுதான் கதி. அதனால் புதுக் கடையில் உட்கார்ந்தால் நான் முதலில் சாம்பாரைத்தான் பார்ப்பேன். அதிலேயே அடுப்பங்கரையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சைவச் சாப்பாடு என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆஸ்டோரியா. மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் போனால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் எப்போது மோர் ஊற்றிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாப்பாடு நம் ஊர்ச் சாப்பாடுதான், பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் பருப்பு வெந்திருக்கும், ரசம் சூடாக வரும். அந்தக் குளிரில் அத்தைக்கு அது போதும், எனக்கும் போதும்.

பி.டி. ரோடு தனி உலகம். ஒரே தெருவில் இத்தனை வகைக் கடைகளைத் தமிழ்நாட்டில் வேறு மலை ஊர் எதிலும் நான் பார்த்ததில்லை. திபெத்தியச் சாப்பாட்டுக்கு டிபெட்டன் பிரதர்ஸ். மோமோ இன்று மதுரையில் தள்ளுவண்டியில்கூடக் கிடைக்கிறது, அதைச் சாப்பிட மலை ஏற வேண்டாம். இங்கே கேட்க வேண்டியது துக்பா. ஆழமான கிண்ணத்தில் ஆவி பறக்க வரும். நூடுல்ஸ் அடியில் கிடக்கும், மேலே கீரையும் கேரட்டும் மிதக்கும். உப்பு, உறைப்பு இரண்டும் அடக்கம். நம் நாக்குக்கு முதல் வாயில் ‘என்ன, சப்பென்று இருக்கிறதே’ என்று தோன்றும். பக்கத்தில் வைக்கிற சிவப்பு மிளகாய்ச் சட்னியில் அரை ஸ்பூன் எடுத்துக் கலக்கிக்கொண்டு இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். நெற்றியில் வேர்வை அரும்பும். கொடைக்கானல் குளிரில் வேர்ப்பது சாதாரணக் காரியமா? மகன் சிக்கன் துக்பா வாங்கிக் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். அத்தை காய்கறி மோமோவைப் பிட்டுப் பார்த்து, “பூரணத்துக்குப் பதிலா கோசை வச்சு கொழுக்கட்டை புடிச்சிருக்காங்க” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு தட்டு கேட்டார்கள்.

அதே ரோட்டில் கிளவுட் ஸ்ட்ரீட் என்கிற கடையில் விறகு அடுப்பில் பீட்சா போடுகிறார்கள். பீட்சாவைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் இல்லை. ஓரம் லேசாகக் கருகி, விறகுப் புகை வாசத்தோடு மேசைக்கு வந்தது. அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். சீஸ் கொடைக்கானலுக்குப் பழக்கமான பொருள். கோடை சீஸ் என்று ஊர் பெயரிலேயே விற்கிறார்களே, சென்னையில்கூடக் கிடைக்கும்.

பேக்கரி விஷயத்தில் இந்த ஊர் கெட்டி. பள்ளிக்கூடமும் பாதிரிமார் குடும்பங்களும் நூறு வருஷத்துக்கு மேல் ரொட்டியும் கேக்கும் கேட்டு வாங்கிய ஊர் அல்லவா? அண்ணா சாலையில் இருக்கிற பேஸ்ட்ரி கார்னருக்குக் காலையில் போங்கள், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் கிடைக்கும். இடம் சின்னது, சாவகாசமாக உட்கார்ந்து கதை பேசுகிற கடை இல்லை. வாங்கிக்கொண்டு நடந்தபடியே சாப்பிட வேண்டியதுதான். கிரீம் மெழுகிய கேக்கைவிட வெறும் பன்னும் மஃபினும் எனக்கு ஒரு படி மேல். அத்தைக்கு முட்டை ஆகாது என்பதால் எது முட்டை சேராதது என்று கேட்டே வாங்குகிறேன். நீங்களும் கேளுங்கள்.

வட்டக்கானலுக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கும். பாம்பார்புரம் தாண்டினால் ரோடு ஒடுங்கிவிடும், எதிரே ஒரு ஜீப் வந்தால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், சனி ஞாயிறில் நிறுத்த இடமே இருக்காது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. டாக்சியில் போய் இறங்கிவிடுவது உத்தமம். ராணுவச் சேவையை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் இஸ்ரேல் பிள்ளைகள் வருஷக்கணக்காக இங்கே வந்து தங்கியதால், இந்தச் சின்னக் கிராமத்தில் ஹம்முஸ், ஃபலாஃபெல், பீட்டா ரொட்டி எல்லாம் சர்வசாதாரணம். டால்பின் நோஸுக்குப் போகிற பாதையில் அல்தாஃப்ஸ் கஃபே பிரபலம். ஃபலாஃபெல் நம் வடை மாதிரி, உடைத்தால் உள்ளே மல்லித்தழைப் பச்சை தெரியும். ஹம்முஸில் கொண்டைக்கடலையும் எள்ளும்தான் என்று சொன்னதும் அத்தை தயங்காமல் தொட்டுக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட, தட்டு வருகிற வரை எதிரே பள்ளத்தாக்கில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். திடீரென்று எல்லாம் வெள்ளையாகி, பக்கத்து மேசைகூடத் தெரியாது. அந்த நேரத்தில் மகன் போனைக் கீழே வைத்தான், அதற்கே காசு கொடுக்கலாம்.

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடை. அந்த வழியில் உள்ள கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கரியில் சுட்ட சோளக்கருது வாங்கலாம், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருவார்கள். மிளகாய் பஜ்ஜி வாங்குவதற்கு முன் சட்டியில் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். குதிரை போகிற வழியை விட்டுத் தள்ளி நின்று சாப்பிடுங்கள், காரணம் போனால் தெரியும். ஏரியைப் பார்த்தபடி நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் கார்ல்டன் ஓட்டல் இருக்கிறது. கல்யாண நாள் மாதிரி ஏதாவது சாக்கு இருந்தால் போகலாம். எங்களுக்கு அது வருஷத்துச் செலவு.

எனக்கு இந்த ஊரில் பிடித்த சாப்பாடு மூஞ்சிக்கல் பக்கம். பெயர்ப்பலகை வெளிறிப்போய் எழுத்தே படிக்க முடியாத மெஸ்கள் அங்கே சில உண்டு. டிரைவர்களும் காய்கறி லோடு ஏற்றுகிறவர்களும் சாப்பிடுகிற இடங்கள். மெனு கார்டு கிடையாது. சாப்பாடு, குழம்பு, அன்றைக்கு என்ன வறுவலோ அது, முடிந்தது. அங்கே ஒருநாள் பூண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்ததும், இலையிலிருந்து எழுந்த வாசத்திலேயே இது நம் வீட்டுப் பூண்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. பல் சின்னச் சின்னதாக இருந்தது. குழைந்து போகாமல், கடித்தால் மட்டும் மசிந்தது. முதலில் காரம், அப்புறம் லேசான இனிப்பு. பரிமாறியவரிடம் கேட்டேன்.

“அண்ணே, இது எந்த ஊர்ப் பூண்டு?”

“பூம்பாறைதான்க்கா. கீழேர்ந்து பூண்டு ஏத்துனா எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள விடாது.”

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற இந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மருந்துக்கு நல்லது என்று ஆளாளுக்குக் கட்டுக் கட்டாக வாங்கிப் போகிறார்கள். ஆனால் அதைச் சமைத்துப் போடுகிற ஓட்டலை ஏரிப் பக்கம் தேடினால் கிடைப்பது கஷ்டம். வாசலில் மலைப்பூண்டு மாலையாகத் தொங்கும், உள்ளே கோபி மஞ்சூரியன் ஓடும். இதை என்னவென்று சொல்ல! அந்த மெஸ்ஸில் மகனுக்கு நாட்டுக்கோழி வறுவல் கிடைத்தது, அத்தைக்கு ரசத்தில் பூண்டு தட்டிப் போட்டது கிடைத்தது. வண்டியை எதிரில் மரத்தடியில் நிறுத்தியதில் வீட்டுக்காரருக்கும் குறை இல்லை. அன்றைக்குத்தான் எல்லோரும் ஒரே மேசையில் சண்டையில்லாமல் சாப்பிட்டோம். சாயங்காலம் வரை கையில் அந்த வாசம் போகவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எட்டரை, ஒன்பதுக்கே ஊர் அடங்க ஆரம்பித்துவிடும். இருட்டினால் காட்டெருமை ரோட்டுக்கு வரும், குடியிருப்புக்கு நடுவிலேயே நின்று மேயும். விரட்டாமல், போட்டோ எடுக்கப் பக்கத்தில் போகாமல் ஒதுங்கி நில்லுங்கள். தூரம் என்றால் கடைக்காரரிடமே சொல்லி டாக்சி வரவழைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லெட் கேட்டு வீட்டில் எல்லோரும் லிஸ்ட் கொடுத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேட்டு வாயில் போட்டு, மெல்லாமல் வையுங்கள். கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, 34 டிகிரி வாக்கில் உருகும். நல்ல சாக்லெட் என்றால் நாக்கிலேயே கரைந்து ஓடும். வேறு கொழுப்பைக் கலந்ததாக இருந்தால் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பல கடைகளில் எனக்கு ஒட்டித்தான் நின்றது. அந்தக் காசுக்கு, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்குங்கள். மே, ஜூனில் பிளம்ஸ், அதற்குப் பின்னால் பேரிக்காய். பட்டர் ஃப்ரூட்டைக் கல்லு மாதிரி இருக்கும்போதே வாங்குங்கள், மதுரை வெயிலில் தானே பழுத்துவிடும்.

2024 மே 7-இலிருந்து இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டியை விடுவதில்லை, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை மேலே விடுவதில் கெடுபிடி உண்டு. இறங்குகிற அன்று காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், கொண்டை ஊசி வளைவுகள் யாரையும் சும்மா விடாது. இரண்டு பன்னும் ஒரு டீயும் போதும். கீழே வத்தலக்குண்டுக்கு வந்ததும் சீரகச் சம்பா பிரியாணி இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருத்தன் பெருமாள்மலையிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவான்.