வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பழக எது நல்ல வழி?

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்காக வெளிநாடு போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது நாடு, சம்பளம், விசா. அவை முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் பாடம் நடத்தும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, தவறைத் திருத்திச் சொல்லப்போவது யார்? நான் ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா, டிரினிட்டியின் செர்ட் டெசால் ஆகிய இரண்டும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ் படிப்புகள். இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். முழுநேரமாகச் சேர்ந்தால் நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும். வெறும் 6 மணி நேரமா என்று தோன்றலாம். ஆனால் அந்த நேரம் முழுக்கப் பயிற்றுநர் குறிப்பெடுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லாததைச் சொல்லும் 'யூஸ்ட் டு' என்ற ஆங்கிலத் தொடரை நடத்திவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். அதை நம்பிப் பயிற்சித்தாளைக் கொடுத்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'ஹீ யூஸ்ட் டு ஸ்மோக்' என்று பலகையில் எழுதி, "முன்பு புகைத்தாரா? இப்போதும் புகைக்கிறாரா?" என்று கேட்டிருக்க வேண்டும். பாடம் முடிந்து நடக்கும் கலந்துரையாடலில் பயிற்றுநர் இதைச் சொல்வார். அடுத்த பாடத்தில் திருத்திக்கொண்டீர்களா என்றும் பார்ப்பார். கட்டணம் கூடுதல், சம்பளம் இல்லை, பாடத்திட்டம் எழுதியே இரவுகள் போகும். இருந்தும் முதல் அடிக்கு இதைத்தான் சொல்வேன்.

அரசுகள் நடத்தும் உதவி ஆசிரியர் திட்டங்கள் வேறு வகை. ஜப்பானின் ஜெட் திட்டம் 1987 முதல் நடக்கிறது. பட்டம் வேண்டும், கற்பித்தல் சான்றிதழ் கட்டாயமில்லை. ஓராண்டு ஒப்பந்தம், சம்பளமும் உண்டு. பிரான்சில் உதவியாளருக்கு வாரம் 12 மணி நேர வகுப்பு. ஒரு பள்ளி எப்படி இயங்குகிறது, பிள்ளைகள் எங்கே சலித்துப்போகிறார்கள் என்பதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்க்கலாம். அந்த அனுபவத்தை ஒரு மாதப் படிப்பு தராது. ஆனால் எல்லாம் உடன் நடத்தும் ஆசிரியரைப் பொறுத்தது. ஒருவர் பாதிப் பாடத்தையே ஒப்படைப்பார். இன்னொருவர் உச்சரிப்புக்காகப் பத்தி வாசிக்க மட்டும் எழுப்புவார். இத்திட்டங்களில் எந்த நாட்டவர் சேரலாம் என்ற வரம்பும் உண்டு, விண்ணப்பிக்குமுன் பாருங்கள்.

தனியார் மொழிப்பள்ளி வேலையில் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் சிறுவர்கள், மாலையில் அலுவலகம் முடித்து வரும் பெரியவர்கள் என்று கை பழகும். தவறும் அதே வேகத்தில் பழகிவிடும். கல்விப் பொறுப்பாளர் வகுப்புக்கு வந்து பார்க்கும் பள்ளியானால் தயங்காமல் சேரலாம். புத்தகத்தைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடும் பள்ளி புதியவர்களுக்கு ஆகாது.

பணம் கட்டிப் போகும் குறுகிய காலத் தன்னார்வப் பணியை நான் கடைசியில்தான் வைப்பேன். சில வாரங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் மாறினால் அந்தப் பிள்ளைகள் மறுபடி மறுபடி நிறங்களும் எண்களுமே படிப்பார்கள். உங்களுக்கும் திருத்திச் சொல்ல ஆளிருக்காது. சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலையாகவே கருதும் நாடுகள் உண்டு. சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செல்டா முடித்து, அடுத்து உதவி ஆசிரியர் பணியோ கண்காணிப்புள்ள மொழிப்பள்ளியோ என்பதே என் வரிசை. கட்டணம் கைக்கு எட்டாதவர்கள் உதவி ஆசிரியர் திட்டத்தில் தொடங்கலாம். எங்கே நேர்காணலுக்குப் போனாலும், முதல் மூன்று மாதத்தில் என் வகுப்பை யார், எத்தனை முறை பார்ப்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.