மனுசனுக்குப் பொறுப்பு வந்துருச்சுங்களா? திருப்பூர் சாயத்தண்ணிச் சேவைக்கு ஒரு ரிவ்யூ

மனித இனம் பக்குவப்பட்டு வருகிறதா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கொங்கு வீடுகளில் அதற்கு நேரான அளவுகோல் ஒன்று உண்டு: சாப்பிட்ட வட்டலைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் "பொறுப்பு வந்துருச்சு" என்பார்கள். அதை வைத்து அளந்து பார்க்கத் திருப்பூரின் பொது சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களைவிடத் தோதான இடமில்லை. சாயப் பட்டறைக்காரர் லிட்டருக்கு இத்தனை பைசா என்று கட்டுகிறார். நிலையம் அவருடைய சாயத்தண்ணியை வாங்கி, நல்ல தண்ணியாகவும் உப்புத் தண்ணியாகவும் திருப்பி அனுப்புகிறது. வெளியே ஒரு சொட்டும் போகக் கூடாது என்பது கணக்கு. இங்கே மதிப்பெண் போடுவது ஒரு நிலையத்துக்கு அல்ல, அந்தச் சேவை மொத்தத்துக்கும்.

இந்தப் பொறுப்பு தானாக வந்ததல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல் ஆற்றில், சென்னிமலைக்குப் பக்கத்தில் 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கிப்போய், தண்ணிக்காகக் காத்திருந்த விவசாயிகளே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடும் நிலைமை ஆனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊரே விழித்தது. அடிக்குப் பயந்து வந்த பொறுப்புதான். ஆனாலும் வந்ததே, அதற்கு ஒரு மார்க் உண்டு.

சிக்கலே சாயத்தில் இல்லை, உப்பில் இருக்கிறது. 300 கிலோ பனியன் துணிக்கு நேவி ப்ளூ ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட் ஃப்ளோ என்கிற சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் என்ற விகிதத்தில் 1,800 லிட்டர் தண்ணி. அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்றால் 126 கிலோ. உப்பின் வேலை சாயத்தை நூலை நோக்கித் தள்ளிவிடுவது மட்டும்தான். துணி அதைக் குடிப்பதில்லை, போட்ட 126 கிலோவும் அப்படியே வடிகாலுக்கு வந்துவிடும். நிறத்தை பாக்டீரியாவும் குளோரினும் போக்கிவிடும். கரைந்த உப்பை எந்த பாக்டீரியாவும் தின்னாது. நொய்யலைக் கெடுத்ததும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இந்த உப்புதான்.

அதனால்தான் சமையல் உப்பை விட்டுவிட்டுப் பலரும் கிளாபர் உப்புக்கு, அதாவது சோடியம் சல்பேட்டுக்கு மாறினார்கள். இது 32 டிகிரி சூட்டில் 100 கிராம் தண்ணியில் ஏறக்குறைய 50 கிராம் கரையும். 0 டிகிரிக்குக் குளிரவைத்தால் 5 கிராம்கூட நிற்காது, மிச்சமெல்லாம் கற்கண்டு மாதிரி கட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். சமையல் உப்பு சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும் என்பதால் அதை இப்படிப் பிரிக்க முடியாது. இந்த யோசனைக்கு முழு மார்க் போடலாம்.

நிலையத்துக்குள் தண்ணி போகும் பாதை இது: சல்லடை, சமன்படுத்தும் தொட்டி, காற்றூட்டும் தொட்டி, தெளிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, ரெசின் வடிகட்டி, பிறகு மூன்று நாலு கட்டமாக, மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணியை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. நூறு லிட்டரில் 85 முதல் 90 லிட்டர் வரை நல்ல தண்ணியாகத் திரும்பிவிடும். இந்தப் பாதை எங்கே படுத்துக்கொள்ளும் என்றால், மூன்று இடங்களில். துணியை வெளுத்த சலவைத் தண்ணியில் ஹைட்ரஜன் பெராக்சைடு மிச்சமிருந்தால் காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியா செத்துவிடும், மறுபடி வளர்த்தெடுக்க நாள்கணக்கு ஆகும். நிறம் போக்கப் போட்ட குளோரினை பைசல்பைட் கொடுத்து முறிக்காமல் விட்டால் ஆர்.ஓ. மெம்பிரேன் பொத்துப்போகும். கடைசியாக, துணியை மெத்தென்று ஆக்கப் போடும் சிலிக்கான் சாஃப்ட்னர். இது மெம்பிரேனில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டால் எந்த வாஷுக்கும் எளிதில் மசியாது. சாஃப்ட்னர் தண்ணியைத் தனி லைனில் அனுப்புங்கள் என்று நிலையத்தார் மெம்பர் பட்டறைகளிடம் கெஞ்சுவது இதனால்தான். மெம்பிரேன் மாற்றும் செலவு எல்லார் தலையிலும் சமமாக விழும் என்பதால், ஒழுங்காக நடப்பவர் ஒழுங்கில்லாதவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

திரும்பி வரும் உப்புத் தண்ணியை, பட்டறை மொழியில் பிரைன், கண்ணை மூடிக்கொண்டு சாயத்தொட்டியில் விடக் கூடாது. பியூம் மீட்டரில் அடர்த்தி பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. ஆறிய பிரைனில் பி.எச். ஏழு காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். உள்ளே பைகார்பனேட் இருந்தால் 60 டிகிரிக்குச் சூடாகும்போது கரியமில வாயு வெளியேறி பி.எச். தானாக ஏறிவிடும். சாயம் பிடிக்க பி.எச். ஏற வேண்டும், அதற்குத்தான் கடைசியில் சோடா போடுவது; இங்கே சோடா போடுவதற்கு முன்பே சாயம் பிடிக்கத் தொடங்கி, துணி திட்டுத்திட்டாக வரும். லாட் முழுக்க ரிஜெக்ட். ஒரு குவளை பிரைனைச் சூடாக்கி, பி.எச். மறுபடி பார்த்து, ஏறியிருந்தால் அசிட்டிக் ஆசிட் விட்டுச் சமன் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. கடினத்தன்மையையும் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். சுண்ணாம்பு ஏறிய பிரைனில் நிறம் மங்கித்தான் வரும்.

இதுவரைக்கும் சேவைக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். குறைகிற இடம் எவாப்பரேட்டரிலிருந்து தொடங்குகிறது. ஆர்.ஓ. தள்ளிவிட்ட கெட்டித் தண்ணியை ஆவியாக்கியாக வேண்டும். கொதிநிலைக்கு வந்துவிட்ட ஒரு லிட்டரை ஆவியாக்க 540 கிலோ கலோரி. ஆயிரம் லிட்டருக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி தரும் விறகு என்றால், நஷ்டமே இல்லாமல் பார்த்தாலும் 150 கிலோ, பாய்லர் நஷ்டத்தையும் சேர்த்தால் 200-ஐத் தாண்டும். ஒரு கட்டத்தின் ஆவியையே அடுத்ததற்குச் சூடாக்கும் நாலடுக்கு எவாப்பரேட்டர் இதைக் காலோ மூன்றில் ஒன்றோ ஆக்கும், அவ்வளவுதான். ஆற்றைக் காப்பாற்றக் காட்டை அடுப்பில் வைக்கிறோம் என்று கிண்டலாகச் சொன்னாலும் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் இந்த விறகுச் செலவுக்காகத் துணி கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடுதலாகத் தருகிறார் என்று எந்த எக்ஸ்போர்ட்டரையும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

எல்லாம் முடிந்தும் ஒன்று மிஞ்சும்: மிக்ஸட் சால்ட். குளோரைடும் சல்பேட்டும் சாயத்தின் எச்சமும் கலந்த பழுப்பு உப்பு. சாயத்துக்கும் ஆகாது, தோல் பதனிடவும் ஆகாது, வாங்க ஆளில்லை. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கூரை ஒழுகினால் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். அப்படி இறங்கிவிட்டால் இத்தனை மெஷினும் ஓடியது வீண். வட்டலைக் கழுவிய தண்ணியைக் குடத்தில் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த கதை இது.

மனித இனம் கூடி நின்று திருந்திய காரியம் இல்லாமல் இல்லை. ஓசோனைத் துளைத்த வாயுக்களை நிறுத்த 1987-ல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தம் அப்படிப்பட்டது. ஆனால் அங்கே பழைய வாயுவுக்கு மாற்று கிடைத்தது. உப்பில்லாமல் பருத்திக்கு அடர்ந்த சாயம் ஏற்றும் வழி பட்டறைகளில் இன்னும் பரவலாகவில்லை. மழை ராத்திரியில் ஓடையின் நிறம் மாறுவதும் நிற்கவில்லை. கெடுபிடி வந்ததும் சில வேலைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு நழுவிப் போயின. பட்டறைக்காரரைத் திட்டுகிற நகரத்து வீடுகளின் சாக்கடையும் இதே நொய்யலில்தான் கலக்கிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. தொழில்நுட்பத்துக்கு நாலரை, நடத்தைக்கு ஒன்றரை என்று பிரித்தும் போட்டுக்கொள்ளலாம். புதிதாக மெம்பராகச் சேர நினைப்பவர்களை முதலில் ஆர்.ஓ. ஹாலுக்குத்தான் கூட்டிப் போவார்கள், பளபளவென்று இருக்கும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உப்புக் கொட்டகையின் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். தரையில் கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், சுவரோரம் வெள்ளை பூத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அடி மூட்டையைக் கையால் அழுத்துங்கள். கை ஈரமானால் டெபாசிட் கட்டாதீர்கள்.