பங்குப் பணமா, முன்பதிவா? கூட்டுச் சிறுகதைத் தொகுப்புக்கு இரு வழிகள்

புதிதாக எழுதும் இருபது பேர் சேர்ந்து ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவர நினைக்கும்போது, அச்சுச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்களோ, அதுவே எந்தக் கதைகள் இடம்பெறும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வசூலித்து, கட்டிய அனைவருடைய கதையையும் சேர்த்து, பிரதிகளைப் பிரித்துக்கொள்வது பலரும் முதலில் நாடும் வழி. அச்சகத்துக்கு முன்பணம் தயாராக இருக்கும். விற்காத பிரதிகளின் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாது. ஆனால், பணம் கட்டியவரிடம் கதையின் கடைசி இரண்டு பக்கங்கள் தேவையில்லை என்று சொல்லத் தொகுப்பாசிரியருக்கு வாய் வராது. செம்மையாக்கம் எழுத்துப்பிழை நீக்குவதோடு நின்றுவிடும். ஒரு வகுப்பின் நினைவாகவோ நண்பர் குழுவின் அடையாளமாகவோ நூல் வருகிறது என்றால் இதில் குறையொன்றுமில்லை. அதை ‘மலர்’ என்றே அழைத்துவிடலாம். மலரில் யாரும் தேர்வை எதிர்பார்ப்பதில்லை.

பணம் முதலில், கதை பிறகு என்ற இந்த வரிசை முன்பதிவு முறையில் தலைகீழாகிறது. எழுதியவர் பெயரை மறைத்துக் கதைகளை இரண்டு மூன்று பேர் வாசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; திருத்தம் முடிந்த பிறகே, அச்சுக்குப் போகுமுன், பிரதிக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளும்படி வாசகர்களிடம் பணம் கேட்கப்படுகிறது. காலம் பிடிக்கும், மனக்கசப்பும் வரும். இருந்தாலும் மறுக்கும் உரிமை தேர்வாளரிடம் இருப்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

பக்கக் கணக்கிலும் இந்த உரிமை பயன்படும். டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் கதைக்கு ஆறு பக்கம் என்றால் 20 கதைக்கு 120 பக்கம். முன்பக்கங்கள் எட்டைச் சேர்த்தால் 128, அதாவது பதினாறு பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) சரியாக எட்டு. ஒரே ஒரு கதை நீண்டாலும் கணக்கு அடுத்த ஃபாரத்துக்குத் தாவிவிடும். அதைச் சுருக்கித் தரும்படி தேர்வாளர் தயங்காமல் கேட்கலாம்.

எத்தனை பிரதிகள் தேவை என்பதையும் முன்பதிவே சொல்லிவிடுகிறது. நூறு பேர் பதிந்திருந்தால், தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறை போதும். அதிகப் பிரதிகளுக்கான ஆஃப்செட் அச்சு முறையில் அச்சுத் தகடு செய்வது, இயந்திரத்தைத் தயார்செய்வது ஆகியவற்றின் செலவு பல நூறு பிரதிகளில் பரவினால்தான் ஒரு பிரதியின் விலை குறையும். கிண்டிலில் தமிழ் மின்னூலை அச்சுச் செலவே இல்லாமல் வெளியிடலாம்; ஆனால் விற்பனையில் கிடைக்கும் உரிமத்தொகை (ராயல்டி) ஒரே கணக்குக்குத்தான் வரும், அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அந்தக் கணக்கை வைத்திருப்பவருடையது.

எந்த வழியானாலும் பதிப்புரிமையை எழுத்தில் வைப்பது அவசியம். பங்கு முறையில், எல்லோரும் பணம் போட்டதாலேயே நூல் எல்லோருக்கும் பொது என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். கதையின் உரிமை எழுதியவருக்கே, இந்தத் தொகுப்பில் வெளியிட மட்டுமே அனுமதி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால், பின்னாளில் அவர் தம் தனித்தொகுப்பில் அதே கதையைச் சேர்க்க யாரையும் கேட்க வேண்டியிருக்காது.