விலை ஸ்டிக்கருக்குக் கீழே சோளம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு இரண்டு பூனைக்குட்டிகள் வந்திருக்கின்றன. "மச்சாள், நீங்கள் முத்தனுக்குக் குடுக்கிற அந்த நீலப் பை இப்ப விலை குறைஞ்சிருக்காம். ஏழு கிலோவா வாங்கிப் போடட்டோ?" என்று வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா. ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கிற விஷயம் இல்லை இது. வருடக்கணக்காக எங்கள் வீட்டுப் பூனை முத்தனுக்குக் கொடுத்த சாப்பாடு. சொல்ல நல்லதும் நிறைய இருக்கிறது, கோபமும் நிறைய இருக்கிறது. இரண்டையும் எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

பிராண்டின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகிற குறை வெள்ளவத்தைக் கடைத் தட்டுகளில் வேறு பைகளிலும் இருக்கிறது. தாய்லாந்தில் செய்த, நடுத்தர விலையில் வருகிற, வளர்ந்த பூனைக்கான டூனா சுவை ட்ரை ஃபூட் என்றால் பூனை வளர்ப்பவர்களுக்குப் போதும்.

முத்தன் கருத்தடை செய்த ஆண் பூனை, நாலு கிலோ அளவு. ஃபிளாட்டை விட்டு வெளியே போகமாட்டான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது இறக்குமதிச் சாமான் எல்லாம் கைக்கு எட்டாமல் போனது. அப்போதும் இந்தப் பையைத்தான் எப்படியாவது வாங்கினோம், ஏனென்றால் இவனுக்கு இது ஒத்துக்கொண்டது. வாந்தி இல்லை. மலம் இறுக்கமாக, மணல் தட்டில் ஒட்டாமல், அளவான மணத்தோடு இருக்கும். சின்ன ஃபிளாட்டில் பூனை வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். உடம்பு மயிரும் பளபளப்பாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பையில் டோரின் என்ற சத்து குறைந்தது 0.1 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிருகத் தீனிக்கு அளவுகோல் வகுக்கிற ஆஃப்கோ (AAFCO) என்ற அமைப்பு ட்ரை ஃபூட்டுக்குக் கேட்கிற அளவும் அதுதான். டோரினைப் பூனையின் உடம்பு தனக்குப் போதுமான அளவு செய்துகொள்ளாது, இறைச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியனும் கூட்டாளிகளும் இந்த இதய நோய்க்கும் டோரின் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். டோரின் கொடுத்ததும் நோய்ப்பட்ட பூனைகளின் இதயம் தேறியது. அந்தப் பூனைகள் சாப்பிட்டதும் கடையில் விற்ற சாப்பாடுதான். அதற்குப் பிறகுதான் கம்பனிகள் டோரின் அளவைக் கூட்டின. ஆகவே அந்த ஒரு வரி பையில் தெளிவாக இருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

இனி ஸ்டிக்கருக்கு வருகிறேன்.

இறக்குமதி செய்பவர்கள் விலை, திகதி, முகவரி போட்டு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டத்தான் வேண்டும், அதில் குறை இல்லை. ஆனால் இந்தப் பையில் அது எப்போதும் சேர்மானப் பட்டியலின் மேல்தான் ஒட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எழுத்தே இல்லாத நீல இடம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒட்டமாட்டார்கள். தொடக்கத்தில் இருந்தே இது எனக்கு எரிச்சல்தான். ஒன்றிரண்டு பையில் ஸ்டிக்கர் சற்று விலகியிருந்ததால், கோழித் துணைப்பொருள் தூள் முதலாவது என்று அப்போது வாசித்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் தொடர்ந்து வாங்கினேன்.

கோழித் துணைப்பொருள் என்றதும் கழிவு என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் அதில் சேரும். எலியைப் பிடித்தால் பூனை அதையும் சேர்த்துத்தான் தின்னும். இதயத்தில் டோரின் நிறைய இருக்கிறது. ஆட்டீரல் வாங்கிச் சமைக்கிற நாங்கள் பூனைக்கு அதைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

போன மழைக்காலத்தில் முத்தன் மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்தான். மிருக வைத்தியர் சிறுநீரைப் பார்த்துவிட்டு ஸ்ட்ரூவைட் படிகங்கள் கொஞ்சம் தெரிகின்றன, அடைப்பு இல்லை என்றார். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஒரு நாளைத் தாண்டவே விடக்கூடாது, உயிருக்கே ஆபத்து. அதனால் நாங்கள் நன்றாகப் பயந்துதான் போனோம். வைத்தியர் சாதாரணமாகக் கேட்டார்: "பையில மெக்னீசியம், பொஸ்பரஸ் எவ்வளவு எண்டு போட்டிருக்கு? லேபலை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ." ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியம், அமோனியம், பொஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. கேட்க வேண்டிய கேள்விதான்.

வீட்டுக்கு வந்து பையை மேசையில் படுக்க வைத்தேன். நகத்தால் கிளப்பினால் ஸ்டிக்கர் நார் நாராகக் கிழிந்தது. பிறகு ஹெயார் ட்ரையரால் சூடுகாட்டி, மூலையில் தேங்காயெண்ணெய் தொட்டு, மெதுவாக உரித்தேன். பாதி எழுத்து பசையோடு வந்துவிட்டது. எஞ்சியதில் மெக்னீசியமும் இல்லை, பொஸ்பரசும் இல்லை, சாம்பல் (தீனியை எரித்தால் மிஞ்சுகிற தாது உப்புகள்) அளவும் இல்லை. இருந்தது, சதவீதக் கணக்கில், புரதம் குறைந்தது 30, கொழுப்பு குறைந்தது 10, நார் கூடியது 4, ஈரம் கூடியது 10, டோரின். அதற்கு மேலே சேர்மானப் பட்டியலின் முதல் வரி: சோளம். பிறகுதான் கோழித் துணைப்பொருள் தூள். அதற்குப் பிறகு சோளக் குளூட்டன், அரிசித் தவிடு, கோதுமை, சோயா, "மீன் அல்லது மீன் துணைப்பொருள்". கீழே நிறமூட்டிகள்.

எப்போது மாறியது? தெரியாது. பையின் முன்பக்கம் அச்சு அசலாக அதேதான். அதே படம், அதே டூனா.

சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவதுதான் முறை. சோளம், சோளக் குளூட்டன், தவிடு, கோதுமை என்று தானியத்தை நாலாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிப்போகும், இறைச்சி மேலே வந்து நிற்கும். அப்படிப் பிரித்த பிறகும் சோளம் முதலில் நிற்கிறது என்றால் மொத்தத் தானியம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். சோளக் குளூட்டனில் 60 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பையில் போட்ட அந்த 30க்குள் அதுவும் அடக்கம். ஆய்வுகூடத்தில் அளக்கும்போது கோழிப் புரதம், சோளப் புரதம் என்று பிரித்துக் காட்டாது. ஆனால் சோளத்தில் டோரின் இல்லை, லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு.

பையில் மாப்பொருள் அளவைப் போடமாட்டார்கள். நீங்களே கணக்குப் பார்க்கலாம். சாம்பல் அளவு போடாவிட்டால் ட்ரை ஃபூட்டுக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100இலிருந்து 30, 10, 4, 10, 8 எல்லாவற்றையும் கழித்தால் 38. ஈரத்தை நீக்கிப் பார்த்தால் 42 சதவீதம் மாப்பொருள். நூறு கிராமில் ஏறக்குறைய 323 கலோரி, அதில் 133 மாப்பொருளிலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 105தான்.

இதற்காக அதை நஞ்சு என்று நான் சொல்லவில்லை. வெந்த மாப்பொருளைப் பூனை நன்றாகவே செரிக்கும். ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் 33 வருகிறது, வளர்ந்த பூனைக்கு ஆஃப்கோ கேட்பது 26. படிகத்துக்கும் இந்தப் பையைத்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. நல்ல சுகமாக இருக்கிற பூனையின் சிறுநீரிலும் படிகம் தெரியும், எடுத்து வைத்த சிறுநீரில் நேரம் போனாலும் உண்டாகும். தாவரப் புரதம் கூடினால் சிறுநீர் காரப்பக்கம் சாயும், அங்கேதான் ஸ்ட்ரூவைட் படியும் என்பது மட்டும் உண்மை. அதோடு பூனை பாலைவனக் காட்டுப்பூனையின் வழிவந்தது. தாகம் குறைவு, ட்ரை ஃபூட் மட்டும் தின்றால் தண்ணீர் குடித்து முழுக்க ஈடுகட்டாது. முத்தனுக்கு வைத்தியர் சொன்ன முதல் மருந்தும் தண்ணீர்தான். இரவில் ஈரச் சாப்பாடு ஒரு பவுச், அதில் இரண்டு கரண்டி வெந்நீர். தட்டில் இப்போது சிறுநீர் கூடி மணல் பெரிய கட்டியாகச் சேருகிறது, அடிக்கடி போய் உட்காருவதும் நின்றுவிட்டது.

பவுச் பற்றியும் ஒரு வார்த்தை. புரதம் 9 என்று போட்டிருப்பதைப் பார்த்து, ட்ரையில் 30 இருக்கிறதே என்று ஒதுக்க வேண்டாம். ஈரம் 85 போனால் மிச்சம் 15, அதில் 9 என்றால் 60 சதவீதம் புரதம். மாப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் 85 கிராம் பவுச்சில் 45 கலோரிக்குக் கிட்டத்தான் இருக்கிறது, முத்தனுக்கு நாளுக்கு 220 வேண்டும். முழுக்க பவுச் என்றால் நாளுக்கு ஐந்து. நடுத்தரக் குடும்பம் எதுவும் அதைத் தாங்காது. அதனால்தான் ட்ரை ஃபூட்டின் தரம் எனக்கு இவ்வளவு முக்கியம்.

இறக்குமதி செய்பவர்களின் இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்தேன். முதல் சேர்மானம் எப்போது மாறியது, மெக்னீசியம் எவ்வளவு, ஸ்டிக்கரை வெற்று இடத்தில் ஒட்டினால் என்ன என்று மூன்றும் கேட்டேன். கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தா, எழுதியும் எடுத்தா. கம்பனியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னா. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு காலி வீதிக் கடையில் புதிதாக வந்திருந்த பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் அதே இடத்தில்.

மச்சாள், உங்கட குட்டிகளுக்கு இது வேண்டாம் என்பதற்குக் கோபத்தை விட வலுவான காரணமும் இருக்கிறது. இது வளர்ந்த பூனைக்கான பை. குட்டிக்கு ஆஃப்கோ கேட்கிற கல்சியம் 1.0 சதவீதம், பொஸ்பரஸ் 0.8 சதவீதம். வளர்ந்த பூனைக்கு 0.6உம் 0.5உம் போதும். இந்தப் பையில் நான் வாசித்த அளவில் இரண்டும் எவ்வளவு என்று இல்லை. குட்டிகளுக்கானது என்று தெளிவாகப் போட்ட பையாக எடுங்கள். அவித்த சூடை மீனும் சோறும் ஆசைக்குக் கொடுக்கலாம், நாள் முழுக்க அதுவே சாப்பாடாக வேண்டாம். முள் நீக்கிய மீனில் கல்சியம் போதாது, எலும்பு பலவீனமாகும். பச்சை மீனில் சிலவகை வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். மாமி குழம்புச் சட்டியிலிருந்து மீன் எடுத்துப் போட்டால் தயவுசெய்து தடுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

ஏழு கிலோ எந்தப் பிராண்டிலும் வேண்டாம். ஒரு பூனை நாளுக்கு 65, 70 கிராம் தின்னும், ஒன்று மட்டும் இருந்தால் பை மூன்று மாதம் தாண்டியும், இரண்டு இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு மேலும் கிடக்கும். கொழும்புப் புழுக்கத்தில் திறந்த பையின் கொழுப்பு அதற்குள் காறல் மணக்கத் தொடங்கிவிடும். சின்னப் பையாக எடுத்து, பையோடேயே மூடி போட்ட டின்னுக்குள் வையுங்கள். வெறும் பொலித்தீனில் கட்டி எடைக்கு விற்பது இன்னும் மலிவுதான், ஆனால் அதில் வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை.

என் முடிவு இதுதான். முத்தன் இந்தச் சாப்பாட்டில் நன்றாக வளர்ந்தான், மயிரும் மலமும் எடையும் சாட்சி. விலையும் இப்போது இறங்கியிருக்கிறது. இருந்தும் நான் இனி வாங்கமாட்டேன். இறைச்சியைக் குறைத்துச் சோளத்தைக் கூட்டியதை முன்பக்கத்தில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஒருவேளை தொடர்ந்து வாங்கியிருப்பேன். சொல்லாமல் மாற்றி, மாறிய இடத்தின் மேலேயே விலையையும் ஒட்டி வைத்தால், கேட்டதற்கும் பதில் இல்லையென்றால், வாய் பேசாத ஒரு உயிரின் சாப்பாட்டை நான் எதை நம்பி வாங்குவது?

இப்போது வாங்கியிருப்பது கோழித் தூள் முதலில் நிற்கிற, மெக்னீசியமும் சாம்பலும் அச்சிட்ட இன்னொரு பை. விலை கூட. ஸ்டிக்கர் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. திடீரென்று மாற்றினால் வயிறு கலங்கும் என்பதால் பழையதில் நாலில் ஒரு பங்கு புதியதைக் கலந்து தொடங்கியிருக்கிறேன், பத்து நாளில் முழுக்க மாறிவிடும். முத்தன் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தின்கிறான். அடுத்த மாதம் சிறுநீரை மறுபடி பார்க்க வேண்டும், அந்த முடிவு வந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.