ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் டெம்ப் ஃபோல்டர் வசதி: நல்ல வேலைக்காரன், பேச்சு மட்டும் புரியாது

விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் (பலர் தொலைவிலிருந்து ஒரே சர்வருக்குள் நுழைந்து வேலை செய்ய விடும் பகுதி) போட்டதுமே, யாரும் கேட்காமல் ஒரு காரியம் நடக்க ஆரம்பிக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது ஒருவர் நுழைந்து வெளியேறும் வரையான அமர்வுக்கும், தனியாக ஒரு டெம்ப் ஃபோல்டர் (மென்பொருள்கள் தற்காலிக ஃபைல்களைப் போடும் இடம்) உருவாகும். லாக் ஆஃப் செய்ததும் அது உள்ளே இருப்பதோடு சேர்ந்து அழிந்துவிடும். இப்படி ஒன்று இருப்பதே பல அட்மின்களுக்கு ஏதாவது தகராறு வந்த பிறகுதான் தெரிகிறது. நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் இதை ஆன் செய்தும் பார்த்திருக்கிறேன், வேறு யாரோ ஆஃப் செய்து வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். பயனரின் செஷனுக்குள் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டெம்ப் ஃபோல்டரின் பாதையை வைத்திருக்கும் டெம்ப் மாறியை எக்கோ செய்தால், அதாவது திரையில் காட்டச் சொன்னால் போதும். ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் என்று போகும் பாதையின் கடைசியில் 2, 3, 7 என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். அதுதான் செஷன் எண். செஷன்களைப் பட்டியலிடும் குவின்ஸ்டா கமாண்ட் கொடுத்தால் அதே எண் அங்கேயும் தெரியும். 0 பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்குப் போய்விடும், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து பயன்படுத்தும் கன்சோலுக்குப் பெரும்பாலும் 1. அதனால் ரிமோட்டில் வருபவர்களுக்கு வழக்கமாக 2-லிருந்து ஆரம்பிக்கும்.

பயனர் ஒவ்வொருவருக்கும் புரொஃபைலும் (அவருடைய ஃபைல்களும் செட்டிங்குகளும் இருக்கும் ஃபோல்டர்), அதற்குள் டெம்ப்பும் ஏற்கெனவே தனியாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பயனருக்கு ஒரு செஷன் என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கும் இடத்தில் இதனால் பெரிய லாபம் இல்லை, குப்பை தானாகக் காலியாகும் என்பதைத் தவிர. ஒரே கணக்கில் நாலு பேர் நுழையும் இடங்களில்தான் இதன் அருமை தெரியும். அப்படி நுழையக் கூடாது என்று நாம் எவ்வளவு சொன்னாலும் நுழைகிறார்கள், அது வேறு கதை. ஓர் அலுவலகத்தில் பில் போடும் மென்பொருள், அச்சுக்குப் போகும் ஃபைலை எப்போதும் ஒரே பெயரில் டெம்ப்பில் எழுதும். அதை நிறுவ வந்தவர்கள் இந்தத் தனி ஃபோல்டர் வசதியை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் பிரிண்ட் கொடுத்தால் பக்கத்து மேசைக்காரரின் பில் வந்து விழும். பிரிண்டரை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தனி ஃபோல்டரைத் திரும்ப ஆன் செய்து, எல்லோரையும் ஒருமுறை லாக் ஆஃப் செய்ய வைத்ததும் சரியாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான மென்பொருளும் உண்டு. முதல் தடவை ஓடும்போது டெம்ப்பின் முழுப் பாதையையும் தன் செட்டிங்கில் எழுதி வைத்துக்கொள்ளும். இன்று செஷன் எண் 5, நாளைக்கு 9. அது பழைய 5-ஐத் தேடிப் போகும், அந்த ஃபோல்டர் இருக்காது, புரியாத ஒரு பிழைச் செய்தி வரும். இதில் குற்றம் சர்வர் மேல் இல்லை, எழுதியவர் மேல்தான்.

அமைக்கும் இடத்துக்கு வருவோம். என் பெரிய குறை இங்கேதான். 2008 ஆர்2 வரை செஷன் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் என்று ஒரு கருவி இருந்தது. திறந்ததும் இரண்டு வரி கண்ணில் படும்: வெளியேறும்போது டெம்ப்பை அழி, செஷனுக்குத் தனி டெம்ப் பயன்படுத்து. ஆம், இல்லை, அவ்வளவுதான். 2012-இல் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். இப்போது குரூப் பாலிசி என்ற விண்டோஸ் விதிப் பட்டியலுக்குள் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், செஷன் ஹோஸ்ட், டெம்பரரி ஃபோல்டர்ஸ் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் அங்கே இருக்கும் இரண்டு பாலிசியும் எதிர்மறையில் இருக்கின்றன: 'அழிக்காதே', 'தனி ஃபோல்டர் பயன்படுத்தாதே'. அழிக்க வேண்டுமென்றால் 'அழிக்காதே' என்பதை டிசேபிள் செய்ய வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவருக்குச் சம்பள உயர்வு கொடுக்கலாம். இன்னொன்று, தனி ஃபோல்டரை நிறுத்திவிட்டால் அழிக்கும் பாலிசிக்கு வேலையே இல்லை. அதில் என்ன வைத்தாலும் ஒன்றுதான். குழப்பமாக இருந்தால் இரண்டையும் எதுவும் தேர்ந்தெடுக்காத நிலையான நாட் கான்ஃபிகர்டு என்றே விட்டுவிடுங்கள். வேறு எங்கும் யாரும் மாற்றியிருக்காவிட்டால், தனி ஃபோல்டர், வெளியேறும்போது அழிப்பு என்ற இரண்டும் தானாகவே நடக்கும்.

அழிப்பது லாக் ஆஃபில் மட்டும்தான். ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது லாக் ஆஃப் ஆகாது. செஷன் டிஸ்கனெக்ட் ஆகி அப்படியே நிற்கும், டெம்ப்பும் நிற்கும். பத்துப் பேர் தினமும் அப்படியே மூடிவிட்டுப் போனால் சி டிரைவ் நிரம்பத்தான் செய்யும். உடனே இந்த வசதி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். டிஸ்கனெக்ட் ஆன செஷனுக்குக் கால வரம்பு வைக்கும் பாலிசி, செஷன் டைம் லிமிட்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. அதை வைத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அழிப்பதிலும் ஒரு கத்தி இருக்கிறது. கணக்குப் பிரிவில் ஓர் அக்கா, மெயிலில் வந்த ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே எக்செல்லை டபுள் கிளிக் செய்து திறப்பார். விண்டோஸ் அதை டெம்ப்புக்குள் டெம்ப்1 என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் எடுத்துப் போட்டு, ரீட் ஒன்லியாகத் திறக்கும். சேமிக்கப் போனால் வேறு பெயர் கேட்கும். அவர் பெயரின் கடைசியில் ஒரு 'புதியது' சேர்த்து, காட்டிய இடத்திலேயே சேமித்துவிட்டார். சாயங்காலம் ஒழுங்காக லாக் ஆஃப் செய்தார். காலையில் வந்து, "தம்பி, நேத்து போட்ட ஷீட்டைக் காணோம்பா" என்கிறார். நாம் சொன்னபடி லாக் ஆஃப் செய்தவருக்குத்தான் இந்தத் தண்டனை! இதற்காக அழிப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நிறுத்தினால் குப்பை குவியும்; ஒரே ஃபோல்டரில் ஒரே முன்னொட்டில் தொடங்கும் தற்காலிகப் பெயர்கள் 65,535-ஐ எட்டிவிட்டால், பெயர் உருவாக்கும் விண்டோஸ் செயல்கூறே தோற்று, சில மென்பொருள்கள் திறக்கவே திறக்காது. ஜிப்பை முதலில் எக்ஸ்ட்ராக்ட் செய்யப் பழக்குவதுதான் வழி. கிளாசிக் அவுட்லுக்கில் நேரடியாகத் திறக்கும் இணைப்புகள் இந்த டெம்ப்புக்கே வராது, ஐநெட்கேஷ் என்ற வேறொரு ஃபோல்டர் பக்கம் போய்விடும். ஆகவே அதைச் சுத்தம் செய்யவும் இதை நம்பாதீர்கள்.

டெம்ப்பை வேறு டிரைவுக்கு மாற்ற நினைப்பவர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர் கொடுக்காதீர்கள். சம்பளப் பட்டியலின் தற்காலிக நகலை அடுத்தவர் திறந்து பார்க்கும் வழி அது. பாதையில் பயனர் பெயரைச் சேர்த்து, அனுமதியையும் அவருக்கு மட்டும் வையுங்கள்.

கடைசியாக, இரவில் ஓடும் டெம்ப் துடைப்பு ஸ்கிரிப்ட்களை இந்த சர்வரில் போடாதீர்கள். உயிரோடு இருக்கும் செஷனின் எண் ஃபோல்டரை அது தூக்கிவிட்டால், அடுத்த லாகின் வரை அந்தப் பயனருக்கு டெம்ப்பே கிடையாது. இன்ஸ்டாலர் ஓடாது, பிரிண்ட் போகாது, காரணமும் தெரியாது. அப்படி ஒரு ஆள் போன் செய்தால், முதலில் அந்த எண் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையால் அதே எண்ணில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால் போதும், அவர் வேலையைத் தொடரலாம்.